கேட்லாக்கில் ஆயிரம், கடையில் முந்நூறு: நாணயம் விற்கும்போது என்னதான் நடக்கிறது?

பல ஆண்டுகளாகச் சேர்த்த நாணயங்களை விற்றுவிடலாம் என்று ஒருவர் முடிவு செய்கிறார். நாணயங்களின் விலையைப் பட்டியலிடும் கேட்லாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே விலையைக் குறிக்கிறார். கூட்டிப் பார்த்தால் நல்ல தொகை வருகிறது. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நாணய வியாபாரியிடம் போகிறார். வியாபாரி பக்கங்களைப் புரட்டுகிறார், நாலைந்து நாணயங்களை மட்டும் வெளியே எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பார்க்கிறார், ஒரு தொகையைச் சொல்கிறார். கூட்டி வைத்ததில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இப்படித் திரும்பி வந்தவர்களிடம் இரண்டு பேச்சுதான் கேட்கும். ஒன்று, "எல்லா வியாபாரியும் கொள்ளைக்காரன்." இன்னொன்று, "நாணயம் சேர்ப்பதே வெட்டி வேலை, கடைசியில் எல்லாம் செல்லாக்காசு." இரண்டையும் நானே சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒரே மாலையில். இப்போது யோசித்தால் இரண்டுமே பெரும்பாலும் தவறு. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கதை கீழே வரும். ஆனால் யாருமே ஏமாற்றாதபோதும் அந்தத் தொகை குறைவாகத்தான் இருக்கும். எதனால் குறைகிறது என்று தெரிந்தால்தான் எது நியாயமான குறைவு, எது ஏமாற்று என்று பிரித்துப் பார்க்க முடியும்.

## பணமாற்றுக் கடையின் பலகை

விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடையில் ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் எதிரே இரண்டு எண்கள். ஒன்று, அவர்கள் நம்மிடம் வாங்கும் விலை. மற்றது, நமக்கு விற்கும் விலை. அதே நோட்டு, அதே நிமிடம், இரண்டு விலை. நாம் முணுமுணுப்போமே தவிர, அதைத் திருட்டு என்று சொல்வதில்லை. கடைக்காரர் பிழைப்பது அந்த வித்தியாசத்தில்தான் என்று நமக்குத் தெரியும்.

இந்த வித்தியாசத்தை இனி 'விலை இடைவெளி' என்று சொல்வோம். வியாபாரி ஒரு பொருளை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள தூரம், அவ்வளவுதான்.

பணமாற்றுக் கடையில் இந்த இடைவெளி சிறியது. காரணம் எளிது. ஒரு நோட்டு இன்னொரு நோட்டைப் போலவே இருக்கும், அதன் மதிப்பில் யாருக்கும் சந்தேகம் இல்லை, வாங்குவதற்கு ஆள் எப்போதும் உண்டு. இப்போது பழைய மோட்டார் சைக்கிளை யோசியுங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி. இஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. வாங்க ஆள் வர ஒரு வாரம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதனால் இடைவெளி பெரிதாகிறது. சேகரிப்பு நாணயம் இந்த வரிசையில் மோட்டார் சைக்கிளையும் தாண்டிப் போய் நிற்கிறது. வண்டி தேவைப்படுகிறவர்கள் ஏராளம். தேய்ந்து போன ஒரு குறிப்பிட்ட ஆண்டுச் செப்புக்காசு தேவைப்படுகிறவர் உலகத்தில் நூறு பேர் இருந்தால் அதிகம்.

## கேட்லாக் சொல்வது யாருடைய விலை?

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு நாணயத்துக்கு ஒரு விலை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதற்குக் குறைந்தது மூன்று விலைகள். கடையில் சேகரிப்பாளருக்கு விற்கும் சில்லறை விலை. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குக் கொடுக்கும் மொத்த விலை. பொதுமக்களில் ஒருவர் கொண்டுவந்து நீட்டினால் வியாபாரி தரும் வாங்கும் விலை. மூன்றும் படிக்கட்டு போல. நாம் வாங்கியது மேல் படியில் நின்று, விற்கப் போவது கீழ்ப் படியில் நின்று. பெரும்பாலான கேட்லாக்குகள் அச்சிடுவதோ மேல் படி விலையை.

இது ஒளித்து வைத்த ரகசியமும் இல்லை. அமெரிக்க நாணயங்களுக்கு ஒரே பதிப்பகம் இரண்டு கையேடுகளைப் பல பத்தாண்டுகளாக வெளியிட்டு வருகிறது. 1942-இல் முதலில் வந்த நீல அட்டைப் புத்தகத்தில் இருப்பது வியாபாரிகள் ஏறத்தாழ என்ன விலைக்கு வாங்குவார்கள் என்ற பட்டியல். 1946-இல் வந்த சிவப்பு அட்டைப் புத்தகத்தில் இருப்பது சில்லறை விலை. சேகரிப்பாளர்களிடம் புகழ் பெற்றது எது என்று கேட்கவே வேண்டாம், சிவப்புதான். தன் சொத்தின் மதிப்பைப் பெரிய எண்ணில் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? வியாபாரிகள் தங்களுக்குள் விலை பேச 1963 முதல் வேறொரு விலைத்தாள் இருக்கிறது. சாம்பல் நிறத் தாளில் வந்ததால் 'கிரேஷீட்' என்று பெயர். நாம் சிவப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறோம், எதிரே இருப்பவர் சாம்பல் தாளைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். சண்டை வராமல் எப்படி இருக்கும்?

கேட்லாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில மலிவு நாணயங்களுக்கு அதில் ஒரு குறைந்தபட்ச விலை போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் நாணயத்தின் மதிப்பே இல்லை. ஒரு வியாபாரி தேடி எடுத்து, கவரில் போட்டு, நம் கையில் தருவதற்கான கூலி. விற்கும்போது அந்தக் கூலி நமக்கு வராது, ஏனென்றால் அந்த வேலையை இனிமேல்தான் அவர் செய்ய வேண்டும்.

இதுவரை பார்த்தது: ஒரே நாணயத்துக்கு ஒரே நேரத்தில் பல விலைகள் உண்டு. கேட்லாக் விலை என்பது நாம் வாங்கப் போனால் கேட்கப்படும் விலை. அதையும் விற்கும் விலையையும் ஒப்பிட்டால் ஏமாற்றம் நிச்சயம்.

## இடைவெளிக்குள் என்ன இருக்கிறது?

முதலாவது, காத்திருப்பு. வெறும் எண்களாகவே எடுத்துக்கொள்வோம். தங்கத்தின் எடைக்காகவே வாங்கப்படும் ஒரு நாணயத்தை வியாபாரி 95-க்கு வாங்கி 100-க்கு விற்கிறார். மாதம் ஒன்று போனால் ஆண்டில் 60 கிடைக்கிறது. அரிதான ஒரு நாணயத்தை 40-க்கு வாங்கி வைக்கிறார், ஓராண்டு கழித்து ஒருவர் வந்து 100-க்கு வாங்குகிறார். அதிலும் 60-தான். முதல் நாணயத்தை விற்ற ஆள் "95 சதவீதம் தந்தார், நல்ல மனிதர்" என்று சொல்வார். இரண்டாவது ஆள் "40 சதவீதம்தான் தந்தார், பாவி" என்பார். இருவரும் பேசுவது ஒரே மனிதரைப் பற்றி.

இரண்டாவது, கைவேலை. இதுதான் என் கண்ணைத் திறந்தது. ஒரு நாணயத்தைப் பரிசோதித்து, படம் எடுத்து, விவரம் எழுதி, கேட்பவருக்குப் பதில் சொல்லி, பொட்டலம் கட்டி அனுப்ப ஆகும் செலவு, மலிவு நாணயத்துக்கும் விலை உயர்ந்ததற்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அது 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை விலை 10 உள்ள நாணயத்தில் 4 அதற்கே போய்விடும். மீதி 6-இல் அவருடைய லாபம், விற்காமல் போகும் ஆபத்து, எல்லாம் அடங்க வேண்டும். நமக்கு 2 கிடைத்தால் பெரிய விஷயம். சில்லறை விலை 10,000 உள்ள நாணயத்தில் அந்த 4 ஒரு பொருட்டே இல்லை, 7,500 வரை தர அவரால் முடியும்.

நம்மில் பலருடைய ஆல்பம் எப்படிப்பட்டது? ஐந்நூறு மலிவு நாணயங்கள், நடுவில் ஐந்து நல்லவை. மொத்த கேட்லாக் தொகையில் பாதிக்கு மேல் அந்த மலிவுகளின் தலையில் இருக்கும். வியாபாரியின் கணக்கில் அவை கிட்டத்தட்ட சுமை. கிலோ கணக்கில் அள்ளிப் போடும் பெட்டிக்குத்தான் போகும். "ஐந்நூறு நாணயத்துக்கு இவ்வளவுதானா?" என்று நாம் கொதிக்கும்போது, அவர் உண்மையில் அந்த ஐந்துக்கு மட்டுமே விலை சொல்லியிருப்பார்.

மூன்றாவது, தெரியாமை. அதற்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும்.

## நமக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரிந்தது

1970-இல் ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற பொருளியலாளர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அவர் சொன்னது இதுதான்: விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எந்தக் காரையும் ஓட்டைக் காராக இருக்கலாம் என்று கணக்குப் போட்டே விலை சொல்வார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. இப்படி ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாத நிலையைத் 'தகவல் ஏற்றத்தாழ்வு' என்பார்கள்.

நாணயத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இரண்டு பக்கமும் உண்டு. நாணயங்களைப் பற்றிப் பொதுவாக வியாபாரிக்கு அதிகம் தெரியும். ஆனால் இந்த ஒரு நாணயம் எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, எதில் போட்டுத் தேய்த்தார்கள் என்பது நமக்குத்தான் தெரியும். போலியின் பயம் வேறு. தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. உள்ளே டங்ஸ்டன், மேலே தங்கம் என்று ஒன்றைச் செய்தால் எடையும் அளவும் மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். முன்பின் தெரியாத ஒருவர் பையிலிருந்து தங்க நாணயத்தை எடுத்து நீட்டும்போது, அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், வியாபாரி ஒரு பங்கை அந்தப் பயத்துக்காகப் பிடித்து வைப்பார்.

நாணயம் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சின்ன அனுகூலம். ரசீது போலியை அசலாக்காது, ஆனால் சந்தேகத்தைக் குறைக்கும். சந்தேகம் குறைந்தால் இடைவெளியும் கொஞ்சம் குறையும்.

## தரம்: எல்லாச் சண்டையும் தொடங்கும் இடம்

நாணயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பதை ஒரு மதிப்பெண்ணாகச் சொல்வதற்குப் பெயர் 'கிரேடு'. இன்று பரவலாக இருப்பது 1 முதல் 70 வரையிலான அளவுகோல். 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட் நாணயங்களுக்காக இதை உருவாக்கினார். கிரேடு 70 உள்ள நாணயம், கிரேடு 1 உள்ளதைப் போல 70 மடங்கு விலை போகும் என்பது அவருடைய கணக்கு. விலைக்கணக்கு சீக்கிரமே பொய்த்துவிட்டது, மதிப்பெண் மட்டும் நிலைத்துவிட்டது. 60 முதல் 70 வரை புழக்கத்துக்கே போகாத நாணயங்கள். அதற்குக் கீழே தேய்மானத்துக்கு ஏற்ப இறங்கும்.

புழக்கத்துக்குப் போகாத நாணயங்களில் ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம் விலையை இரட்டிப்பாக்குவது சகஜம். நாம் 65 என்று நினைத்ததை வியாபாரி 63 என்றால் விலை பாதியாகலாம். யார் சொல்வது சரி? மனதைத் தொட்டுச் சொன்னால், பல நேரம் அவர்தான். அவர் கெட்டிக்காரர் என்பதால் மட்டும் இல்லை, அந்த நாணயம் அவருடையது இல்லை என்பதாலும். டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குச் சாதாரணக் குவளையைக் கொடுத்துவிட்டு, எவ்வளவுக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். மீதிப் பேரிடம் எவ்வளவுக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, மற்றவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சில நிமிடம் முன்னால் கிடைத்த குவளைக்கே இப்படி என்றால், பத்து ஆண்டு தேடி வாங்கிய நாணயத்துக்கு? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதை இவர்கள் அளந்து காட்டினார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, தேய்த்துக் கழுவிய நாணயம். புதியவர்களின் மிகப் பெரிய துக்கம் இது. விற்கும் முன்பு பளபளப்பாக்கினால் நல்ல விலை வரும் என்று நினைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். வியாபாரி ஒரு பார்வையில் கண்டுபிடித்து விலையைப் பாதிக்கும் கீழே இறக்குகிறார். அவருக்கு எப்படித் தெரிகிறது?

நாணயம் அச்சடிக்கப்படும் கணத்தில், பெரும் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அந்த ஓட்டத்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய கோடுகள் ஆரம் போல விரிகின்றன. அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் 'அச்சுப் பொலிவு' என்கிறோம். ஒற்றை விளக்கின் கீழே நாணயத்தை மெல்லச் சாய்த்துத் திருப்பினால், சக்கரத்தின் ஆரக்கால் சுழல்வது போல ஒளிப்பட்டை ஒன்று முகப்பில் சுற்றி வரும். தேய்த்த நாணயத்தில் அது சுற்றாது. கோடுகள் மழுங்கிப் போய், ஒளி எல்லாப் பக்கமும் தட்டையாகச் சிதறும், அல்லது துணி ஓடிய திசையில் மயிரிழைக் கீறல்கள் மின்னும். பளபளப்பு வேறு, பொலிவு வேறு. பளபளப்பை யாரும் உண்டாக்கலாம், பொலிவை அச்சுக்கூடம் மட்டுமே தர முடியும், அதுவும் ஒரே ஒரு முறை. விளக்கடியில் அந்த நாலைந்து நாணயங்களை வியாபாரி சாய்த்துப் பார்த்தது இதற்குத்தான்.

நாம் ஒன்றுமே செய்யாமல் கெடுவதும் உண்டு. மெத்தென்று வளையும் சில பிளாஸ்டிக் உறைகளில் பிவிசி இருக்கும். ஆண்டுக் கணக்கில் அதில் கிடக்கும் நாணயத்தின் மேல் பச்சையாக, பிசுபிசுப்பாக ஒரு படலம் வரும், பிறகு உலோகத்தையே அரிக்கத் தொடங்கும். பாதுகாப்பாக வைக்கிறோம் என்று நினைத்தே கெடுத்திருப்போம்.

தரத்தில் வரும் தகராறைத் தீர்க்க மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் வந்தன. 1986-இல் பிசிஜிஎஸ், அடுத்த ஆண்டு என்ஜிசி. நாணயத்தை அனுப்பினால் அசலா என்று பார்த்து, கிரேடு போட்டு, திறந்தால் தெரிந்துவிடும்படி மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சேகரிப்பாளர்கள் அதை 'ஸ்லாப்' என்பார்கள். ஸ்லாபில் இருக்கும் நாணயத்துக்கு விலை இடைவெளி குறையும், ஏனென்றால் போலிப் பயமும் கிரேடு வாதமும் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. ஆனால் எல்லாவற்றையும் அனுப்பக் கூடாது. கட்டணமும் தபால் செலவும் சேர்ந்து நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும்.

சுருக்கமாக: காத்திருப்பு, கைவேலை, போலிப் பயம், தர வித்தியாசம். குறைந்த விலைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றோ பலவோ இருக்கும். எது என்று கேட்டால் நேர்மையான வியாபாரி சொல்வார்.

## தரை விலை: உலோகம்

தங்கம், வெள்ளி நாணயங்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. யாருமே சேகரிக்க விரும்பாவிட்டாலும் உருக்கினால் கிடைக்கும் விலை இருக்கிறதே, அதற்கு 'உலோக மதிப்பு' என்று பெயர். நாணயத்தின் எடை, அதில் தூய உலோகத்தின் பங்கு, அன்றைய சந்தை விலை, மூன்றையும் பெருக்கினால் வந்துவிடும். சந்தை விலை டிராய் அவுன்ஸ் கணக்கில் சொல்லப்பட்டால், ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் சவரன் நாணயத்தின் எடை 7.98 கிராம், 22 காரட். 24-இல் 22 பங்கு என்றால் தூய தங்கம் 7.32 கிராம்.

வெள்ளியில் ஆண்டைப் பார்க்காமல் கணக்குப் போடக் கூடாது. பிரிட்டனின் வெள்ளி நாணயங்களில் 1919 வரை 92.5 சதவீதம் வெள்ளி. 1920 முதல் 50 சதவீதம். 1947 முதல் வெள்ளியே இல்லை, செம்பு-நிக்கல். பார்வைக்கு ஒரே ஷில்லிங், உலோக மதிப்போ மூன்று விதம். பெட்டி நிறைய வெள்ளி என்று தூக்கிக்கொண்டு போய், பாதி நிக்கல் என்று கேட்டுத் திரும்பியவர்கள் வியாபாரியைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன்.

உலோக மதிப்பையும் வியாபாரி முழுதாகத் தருவதில்லை. உருக்குக் கூலி ஒரு காரணம். விலை இறங்கும் பயம் இன்னொன்று. 1980 ஜனவரியில் வெள்ளி ஒரு அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. அதே ஆண்டு மார்ச் 27 அன்று சுமார் 11 டாலருக்கு விழுந்தது. நடுவில் வாங்கிக் கையில் வைத்திருந்தவர்களின் கதி என்ன ஆகியிருக்கும்? அதனால்தான் விலை துள்ளும் நாட்களில் வியாபாரிகள் இடைவெளியை அகலமாக்கிக்கொள்கிறார்கள்.

## "ஆனால் இது ரொம்பப் பழையது!"

வயது விலை ஆகாது. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தில் அச்சான ரோமானிய வெண்கலக் காசுகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. 1,700 வயது, ஆனால் புதையல் புதையலாகக் கிடைத்துவிட்டன. மறுபக்கம், 1909-இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான, வடிவமைத்தவரின் வி.டி.பி. என்ற முதலெழுத்துகள் பொறித்த லிங்கன் சென்ட். 4,84,000 அச்சடித்தார்கள். அவ்வளவு இருந்தும் அதன் விலை அந்த ரோமானியக் காசுகளைப் போலப் பல மடங்கு. லிங்கன் சென்ட் வரிசையை முழுமையாக்கத் துடிக்கும் சேகரிப்பாளர்கள் அதைவிட அதிகம்.

அச்சுக்கூடங்கள் அழகான பெட்டியில் வைத்து விற்கும் நினைவு நாணயங்களிலும் இதே கதைதான். புழக்கத்தில் தேய்ந்து அழிய வேண்டியவை அழிந்தால்தான் மீதி அரிதாகும். நினைவு நாணயத்தை வாங்கிய எல்லோருமே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பத்தாண்டு கழித்து எல்லாமே புத்தம் புதிதாகச் சந்தைக்கு வரும். பெட்டிக்கும் வெல்வெட்டுக்கும் நாம் கொடுத்த பணம் திரும்பாது.

## எது உண்மையில் ஏமாற்று?

சரி, எல்லாவற்றுக்கும் வியாபாரி பக்கமே பேசுகிறானே என்று தோன்றும். என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு சிறிய தொகுப்பை விற்கப் போனேன். அந்த வியாபாரி எந்த நாணயத்துக்கும் தனியாக விலை சொல்லவில்லை. "மொத்தமாக இவ்வளவு" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இன்று வந்தால் இந்த விலை, நாளைக்கு வந்தால் தெரியாது" என்றார். விற்றுவிட்டேன். சில வாரம் கழித்து அதே கடையின் கண்ணாடிப் பெட்டியில் என் நாணயம் ஒன்று உட்கார்ந்திருந்தது. விளிம்பில் இருந்த சின்ன வெட்டை வைத்து அடையாளம் கண்டேன். அந்த ஒன்றின் விலையே எனக்குத் தந்த மொத்தத்தைவிட அதிகம்.

இதில் குறைந்த விலை தந்தது ஏமாற்று இல்லை. எது விலையுள்ளது என்று நான் தெரிந்துகொள்ள முடியாதபடி மொத்த விலைக்குள் ஒளித்ததும், யோசிக்க நேரம் தராமல் நெருக்கியதும்தான் ஏமாற்று. என் அறியாமைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

மதிப்பிடுபவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருப்பது இன்னொரு பொறி. "இதன் மதிப்பு என்ன?" என்று கேட்டுவிட்டு அவரிடமே விற்றால், குறைவாகச் சொல்வதில்தான் அவருக்கு ஆதாயம். மதிப்பீட்டுக்குக் கூலி கொடுத்து, வாங்கப் போவதில்லை என்று முன்பே சொன்ன ஒருவரிடம் கேட்பது வேறு. நாணயங்களை நம் கண் மறைவில் உள்ளறைக்கு எடுத்துப் போகிறேன் என்றால் மரியாதையாக மறுத்துவிடலாம். எண்ணிக்கை குறையும், சில நேரம் நாணயமே மாறும்.

நல்லவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவது ஏமாற்று இல்லை, ஆனால் நமக்கு அதில் நஷ்டம் வரலாம். மீதியைத் தனியாக விற்பது கடினம். இப்படிப் பொறுக்கினால், மொத்தத்தில் தருவதைவிட அந்த நாணயங்களுக்கு நல்ல விலை தர வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

## ஏலம் விட்டால்?

ஏலத்தில் முழு விலையும் நமக்கே வரும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுத்தியல் தட்டப்படும்போது நிற்கும் தொகை 100. வாங்குபவர் அதற்கு மேல் ஏல நிறுவனத்துக்கு ஒரு தொகை கட்டுகிறார், அதற்குப் பெயர் 'வாங்குவோர் கட்டணம்'. கிறிஸ்டீஸ், சோதபீஸ் இரண்டும் 1975-இல் லண்டனில் இதைக் கொண்டுவந்தன, இன்று பெரிய ஏலங்களில் இது வழக்கமாகிவிட்டது. 20 என்று வைப்போம். விற்பவரான நம்மிடம் கமிஷன் 10. ஆக, வாங்கியவர் கொடுத்தது 120, நம் கைக்கு வந்தது 90. நான்கில் மூன்று பங்கு. இங்கேயும் இடைவெளி இருக்கிறது, இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள். கூடவே பல மாதக் காத்திருப்பும், அன்று எதிரும் புதிருமாகப் போட்டி போட இரண்டு பேர் வராமல் போகும் ஆபத்தும் இப்போது நம் தலையில்.

அரிதான, விலை உயர்ந்த நாணயத்துக்கு ஏலம் பெரும்பாலும் லாபம். மலிவுகளை ஏல நிறுவனம் எடுத்துக்கொள்ளவே தயங்கும். நேரடியாக இன்னொரு சேகரிப்பாளரிடம் விற்றால் இடைவெளி முழுவதும் நமக்கே. ஆனால் படம் எடுப்பது, விவரம் எழுதுவது, பேரம் பேசுவது, "அனுப்பிய நாணயம் படத்தில் இருந்தது போல இல்லை" என்ற கடிதத்துக்குப் பதில் எழுதுவது எல்லாம் நம் வேலை. ஒரு முறை முப்பது நாணயங்களை இப்படி விற்றேன். நான்கு மாதம் ஆனது. அப்புறம் வியாபாரிகள் மேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது.

## விற்கப் போகும் முன்

நாணயங்களைத் தேய்க்காதீர்கள், துடைக்கக்கூடத் தேவையில்லை. நல்லவை எவை, மலிவு எவை என்று பிரித்துப் பட்டியல் போடுங்கள். கேட்லாக் விலைக்குப் பதிலாக, அதே கிரேடு உள்ள நாணயம் சமீபத்தில் ஏலத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தேடுங்கள். விற்பவர் கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் எழுதலாம், விற்ற விலைக்கு ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார். இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டுங்கள், அந்த வகை நாணயத்தில் கவனம் செலுத்துகிறவராகப் பார்த்து. ரோமானியக் காசு விற்பவரிடம் சவரனைக் காட்டினால் அவர் அதை இன்னொரு வியாபாரிக்குத் தள்ளிவிடும் விலையில்தான் வாங்குவார்.

இன்னொரு கேள்வியை விற்கும்போது கேட்பதைவிட வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது: "இதை அடுத்த மாதம் திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவு தருவீர்கள்?" முதல் முறை நான் இப்படிக் கேட்டபோது அந்த வியாபாரி சிரித்துவிட்டார். பிறகு ரசீதைத் திருப்பி, பின்பக்கத்தில் ஓர் எண்ணை எழுதித் தந்தார். நான் கொடுத்ததில் 60 சதவீதம். அந்த நாணயத்தை இன்னும் வைத்திருக்கிறேன், ரசீதையும்.